டாங்கிக்குப் பின்னால் வந்த லாரி

இரண்டாம் உலகப் போர் என்றாலே ஜெர்மனியின் டைகர் டாங்கி பெரிசா, அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கி பெரிசா என்று மல்லுக்கு நிற்கிறோம். பாலம் தகர்ந்த ஆற்றங்கரையில் இரண்டும் ஒன்றுதான். படை எவ்வளவு வேகமாக முன்னேறும் என்பதைப் பல களங்களில் தீர்மானித்தது லாரியில் ஏற்றி வந்த பாலம் என்பதே என் கட்சி.

டொனால்ட் பெய்லி என்ற பிரிட்டிஷ் பொறியாளர் வடிவமைத்த பெய்லி பாலத்தைப் பாருங்கள். 10 அடி நீளம், 5 அடி உயரமுள்ள எஃகுச் சட்டங்கள். ஒன்று சுமார் 260 கிலோ. ஆறு பேர் தூக்கிவிடலாம். கிரேன் வேண்டாம், களத்தில் வெல்டிங் வேண்டாம், எஃகு ஊசிகளைச் செருகிக் கோத்தால் போதும். கனமான டாங்கி வருகிறதா? பக்கத்தில் இன்னொரு வரிசை, மேலே இன்னொரு அடுக்கு. எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் மூக்கு. முன்னால் எடை குறைந்த ஒரு பகுதியை மாட்டி, முழுப் பாலத்தையும் உருளைகள்மேல் வைத்து இக்கரையிலிருந்தே தள்ளுவார்கள். பின்பாரம் அதிகம் என்பதால் முன்பக்கம் ஆற்றில் கவிழாது. ஆற்றுக்குள் சாரம் கட்டாமலே மூக்கு அக்கரையைத் தொட்டுவிடும். குண்டு விழும் இடத்தில் இது லேசான வசதியா?

இத்தாலியில் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் பாலம் பாலமாக வெடிவைத்துக்கொண்டே போனார்கள். மலையும் ஆறுமான நாடு, உத்தி பலித்திருக்க வேண்டும். ஆனால் சிசிலியையும் சேர்த்து அங்கே 3,000 பெய்லி பாலங்களுக்கு மேல் எழுந்தன. பர்மாவில் 1944 டிசம்பரில் கலேவா அருகே சிந்துவின் ஆற்றின் குறுக்கே 1,154 அடிக்கு மிதவைகள்மேல் ஒன்றைப் போட்டார்கள்.

அதற்காகப் பாலம் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று சொல்லவில்லை. 1944 செப்டம்பர் 17 அன்று நெதர்லாந்தின் சோன் என்ற ஊரில், அமெரிக்க வான்குடைப் படை நெருங்கும்போதே கால்வாய்ப் பாலத்தை ஜெர்மானியர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிரிட்டிஷ் பொறியாளர்கள் 18ஆம் தேதி இரவோடு இரவாகப் பெய்லி பாலம் போட்டு, 19 காலையில் டாங்கிகளை அனுப்பினார்கள். வேலையில் குறையே இல்லை. ஆனால் ஒற்றைச் சாலையில் ஊர்ந்து வந்த பிரிட்டிஷ் தரைப்படை சோனுக்கு வந்து சேர்ந்ததே 18ஆம் தேதி இரவில்தான். இன்னும் வடக்கே ஆர்ன்ஹெம் பாலத்தில் இந்தப் படைக்காகக் காத்து மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் வான்குடை வீரர்களுக்கு அந்தத் தாமதம் பெரிய அடி.

2022 மே மாதம் உக்ரைனின் சிவெர்ஸ்கி டோனெட்ஸ் ஆற்றில் ரஷ்யர்களின் மிதவைப் பாலங்களை உக்ரைன் பீரங்கிகள் நொறுக்கின. வரிசை கட்டி நின்ற கவச வண்டிகளும் போயின. ‘ட்ரோன் வந்தாச்சு, இனி பாலமெல்லாம் செல்லாது’ என்று சிலர் அப்போது எழுதினார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறுகள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. மேலிருந்து எல்லாம் தெரியும் காலத்தில் போடும் வேகம் மட்டும் பத்தாது. வண்டிகள் கடந்த கையோடு கழற்றி மறைக்கவும் தெரிய வேண்டும்.