காயத்தைக் காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறுமா?

ஹட்டன், பதுளைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: “ஆஸ்பத்திரியில் கட்டும் கட்டுக்குள்தான் கிருமி வளருது. வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து, தேயிலைத்தூளும் மஞ்சளும் அப்புங்க, காற்றாட விடுங்க.”

இது தவறு. காய்ந்து பொருக்குத் தட்டினால் ஆறிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் புதுத்தோல் செல்கள் ஈரப்பதத்தில்தான் எளிதாக நகர்ந்து காயத்தை மூடும். 1962இல் ஜோர்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளில் செய்த சோதனையில், காற்றாட விட்ட காயத்தைவிட மூடிவைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது.

பதிவில் ஓர் உண்மைத் துளி உண்டு: ஆஸ்பத்திரியில் தொற்று வருவது நிஜம். ஆனால் பெரும்பாலும் அதைக் கடத்துவது கட்டு அல்ல, கை. வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847இலேயே மற்ற டாக்டர்களைக் கைகழுவ வைத்துப் பிரசவ வார்டு மரணங்களைக் குறைத்துக் காட்டினார். பார்க்கப் போகும் நாமும் கட்டிலில் உட்கார்ந்து, கட்டைத் தொட்டுப் பார்த்து, “நோகுதா?” என்று கேட்கிறோமே, அந்தக் கையும் சேர்த்தி. மருந்து கட்ட வரும் நேர்ஸிடம் “கை கழுவினீங்களா மிஸ்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

தேயிலைத்தூளும் சமையலறை மஞ்சளும் கிருமி நீக்கியவை அல்ல. கவ்வாத்துக் கத்தி வெட்டில் அப்பிப் பழகியவர்களுக்கு இது கசக்கும். அந்த வெட்டை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி பற்றி ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

ஆபரேஷன் கட்டைச் சொன்ன நாள்வரை பிரிக்காதீர்கள். அது நனைந்தாலோ, சிவப்பு பரவினாலோ, சீழ், நாற்றம், காய்ச்சல் கண்டாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே போங்கள்.