மக்கள் வருகிறார்கள், தாமதமாக

நகரமன்றக் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வருவதே இல்லை என்று அண்மையில் நான் படித்த ஒரு கட்டுரை குறைபட்டுக்கொள்கிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. வருகிறார்கள், ஆனால் காலம் கடந்து வருகிறார்கள். குடியிருப்புப் பகுதி வணிகப் பகுதியாக மாறிவிட்டது என்பதே பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று வகுத்து, அதற்கு வழிவிட்ட வரைவுத் திட்டம் எப்போதோ வெளியாகி, ஆட்சேபம் தெரிவிக்கும் கெடுவும் முடிந்திருக்கும். குறியீடுகளும் வண்ணங்களும் நிறைந்த அந்தத் திட்டத்தின் வரைபடத்தைப் பார்த்து, இது என் தெருவைப் பற்றியது என்று யாருக்குப் புரியும்?

கட்டட விண்ணப்பம் மன்றத்துக்கு வரும் நாளில் கூச்சலிட்டுப் பெரிதாகப் பயனில்லை. விதிகளுக்கு உட்பட்ட கட்டடத்தை, அக்கம்பக்கத்தார் எதிர்க்கிறார்கள் என்பதற்காக மட்டும் மறுத்தால் மேல்முறையீட்டில் அந்த முடிவு நிற்பது கடினம். போராட வேண்டிய இடம் விதி எழுதப்படும் கட்டம்தான்.

முன்கூட்டியே அழைத்தால் மக்கள் வருவார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் 1989-இல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட் முறையில், சாலை முதலா கழிவுநீர்க் குழாய் முதலா என்று வட்டாரக் கூட்டங்களில் மக்களே முன்னுரிமை வகுத்தார்கள்.

இன்னொன்று, கூட்டக் குறிப்பு. 'விவாதித்து ஏற்கப்பட்டது' என்ற ஒற்றை வரியைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் எதிர்த்து வாக்களித்தார், அந்தப் பகுதியில் சொந்த நிலம் இருப்பதால் எந்த உறுப்பினர் வாக்களிக்காமல் விலகி நின்றார், ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் என்ன பதில் தரப்பட்டது என்பதெல்லாம் அதில் இருந்தாக வேண்டும்.