3 வோல்ட் பேட்டரி குழந்தைக்கு ஷாக் அடிக்குமா?

"எல்இடி எரியவைக்கும் மேக்கர்ஸ்பேஸ் பயிற்சியில் சின்னக் குழந்தைகளைச் சேர்க்காதீர்கள், ஷாக் அடிக்கும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

மேக்கர்ஸ்பேஸ் என்பது பொருட்களைக் கையால் செய்து பழகும் கூடம். அங்கே குழந்தைகள் கையாள்வது பெரும்பாலும் 3 வோல்ட் காசு பேட்டரி, செப்பு டேப், எல்இடி. எல்இடியின் நீளக் கால் பிளஸ் பக்கம். மாற்றி வைத்தால் எரியாது, அவ்வளவுதான். உலர்ந்த தோலின் மின்தடை பல ஆயிரம் ஓம். அதில் 3 வோல்ட் செலுத்தும் மின்சாரத்தை உணரக்கூட முடியாது.

பயப்பட வேண்டியது வேறு. அதை அந்தச் செய்தி சொல்லவே இல்லை. காசு பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து திசுவை அரிக்கும் காரம் (ஆல்கலி) உண்டாகி, 2 மணி நேரத்திலேயே திசு வெந்துபோகலாம். தீர்ந்துபோன பேட்டரிகூட ஆபத்துதான். சந்தேகம் வந்தாலே போதும்: அறிகுறிக்குக் காத்திருக்காமல், வாந்தி எடுக்கவைக்காமல், உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

எதையும் வாயில் வைக்கும் வயது என்றால், திருகு போட்டு மூடும் பெட்டியில் இரண்டு ஏஏ பேட்டரி போட்டுக் கொடுப்பதே சரி. அப்புறம், காசு பேட்டரியோடு பெரும்பாலும் தேவைப்படாத சின்ன ரெசிஸ்டர் (மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பாகம்) ஒன்றை இதில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எல்இடி கருகிவிடலாம்.