ஓணானிலும் தூய இரத்தமா?

கரீபியன் தீவுகளில் கலப்பின இகுவானாக்களை (பெரிய ஓணான் போன்றவை) பிடித்துக் கொல்வதைப் பற்றி நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "ஓணானிலும் தூய இரத்தம் தேட ஆரம்பித்துவிட்டார்களா?" என்று சீறினார். 'கலப்பு' என்ற சொல் நம் காதில் விழுகிற விதம் அப்படி. கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் கொல்பவர்கள் பக்கம்.

கரீபியனில் சிற்றண்டிலிசு தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இகுவானா இருக்கிறது. பச்சை இகுவானா அங்கே வந்தேறி. உடல் பெரிது, முட்டையும் அதிகம். இரண்டும் இணைசேர்கின்றன. பிறப்பவை கோவேறு கழுதை மாதிரி மலடாக இருந்தால் கதை ஒரு தலைமுறையோடு முடிந்திருக்கும். இவை நன்றாகவே பெருகுகின்றன.

அசல் தீவு இகுவானாவின் வாலில் வளையமே இருக்காது. பச்சை இகுவானாவுக்கு வாலில் கறுப்பு வளையங்கள், காதுக்குக் கீழே கன்னத்தில் காசு போல வட்டமாக ஒரு பெரிய செதில். கலப்பினத்தில் வளையம் மங்கலாக இருக்கும், செதில் சிறுத்திருக்கும். இரண்டு மூன்று தலைமுறை தாண்டினால் அதுவும் தெரியாது, மரபணுச் சோதனைதான் வழி. கண்ணை மட்டும் நம்பிக் கொல்வதில் எனக்கும் உடன்பாடில்லை.

"தானாக வந்து சேர்ந்தால் அது இயற்கைதானே?" என்றார் நண்பர். 1995-இல் லூயிஸ் புயலுக்குப் பின், வேரோடு பெயர்ந்த மரங்களின் மேல் மிதந்தபடி குறைந்தது 15 பச்சை இகுவானாக்கள் அங்குள்ள ஆங்குயிலா தீவில் கரையேறின. அவை குவாதலூப் தீவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கணிப்பு. குவாதலூப்புக்கு அவற்றைக் கொண்டுவந்ததே மனிதர்கள்தான். 2017 மரியா புயலுக்குப் பிறகு டொமினிக்கா தீவிலும் பச்சை இகுவானா தலைகாட்டிவிட்டது. தீவு இகுவானா அதிகம் மிஞ்சியிருப்பதே அங்கேதான். நிவாரணச் சரக்கோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். நல்லது செய்யப்போன கப்பல்!

மனிதர்கள் எல்லோரும் ஒரே இனம். யார் யாரைக் கட்டிக்கொண்டாலும் இனம் அழியாது. இங்கே ஓர் இனமே இன்னொன்றுக்குள் கரைந்துபோகிறது. சாதிக்காரர்கள் இதை உவமை காட்டிக்கொண்டு வந்தால் அவர்களுக்கும் இதுவே பதில்.

ஆங்குயிலாவை ஒட்டிய பிரிக்லி பேர் ஈஸ்ட் என்ற குட்டித் தீவுக்கு, மரபணு பார்த்துத் தேர்ந்த 23 தீவு இகுவானாக்களைக் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது அங்கே 300-க்கும் மேல். ஒன்றின் வாலிலும் வளையம் கிடையாது.