பிளைவீலைக் குறைக்கலாமா? என் இடது காலைக் கேளுங்கள்

நேற்று இரவு பதினொரு மணிக்குத் தம்பி முறையான ஒரு பெடியன் படம் அனுப்பியிருந்தான். பஞ்சிகாவத்தையில் ஏதோ ஒரு கடை மேசை, பழைய பேப்பருக்கு மேல் பளபளவென்று எடை குறைந்த ஒரு பிளைவீல், அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் சக்கரம். கீழே ஒரே வரி: "அண்ணா, போடட்டா?"

வட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே போட்டுவிடுகிறேன். கேட்பவன் அவன் ஒருவன் மட்டுமில்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட காலம் முழுக்க இருந்த பழைய மனுவல் கார்களைத்தான் எல்லோரும் தடவிக்கொண்டிருந்தோம். தடவத் தடவ ஆசை பிளைவீல் வரைக்கும் வந்துவிடும்.

நான் போட்டவன். சிவிக் ஈகே3. கழற்றியது 8 கிலோ, போட்டது 4 கிலோ. மூன்று வருடம் அந்தக் காரில்தான் வெள்ளவத்தையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு வேலைக்குப் போய்வந்தேன்.

பவர் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பிளைவீல் ஒரு உண்டியல். எஞ்சின் சம்பாதிப்பதில் கொஞ்சத்தைச் சுழற்சியாகச் சேர்த்து வைக்கும். உண்டியல் பெரிதென்றால் நிரம்ப நேரமெடுக்கும், அதனால் ரெவ், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்ற கணக்கு, மெதுவாக ஏறும். ஆனால் எஞ்சின் தடுமாறும் நேரத்தில் எடுத்துக் கொடுப்பதும் அதே உண்டியல்தான். சிறிதாக்கினால் வருமானம் கூடாது, சேமிப்புத்தான் குறையும்.

ஆனாலும் வித்தியாசம் கற்பனையில்லை. கியர் விகிதங்களை வைத்து என் காருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் கியரில் காரை முடுக்கும்போது, வண்டியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோ இறக்கியதற்குச் சமன். அதாவது பின் சீட்டிலிருந்து இரண்டு பேர் இறங்கிப் போன மாதிரி. மூன்றாம் கியரில் அது பதினைந்து கிலோவுக்குக் குறைந்துவிடும். ஐந்தாம் கியரில் ஐந்து கிலோ, ஒரு அரிசிப் பை. கியர் விகிதத்தின் வர்க்கத்தோடு போகிற கணக்கு என்பதால் இப்படிச் சரிகிறது. தெற்கு அதிவேகப் பாதையில் 100இல் ஓடும்போது அந்த 4 கிலோவைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

அப்படியென்றால், எந்நேரமும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்கிற கொழும்புக்காரனுக்கு இதைவிட நல்ல சாமான் உண்டா? நானும் அப்படித்தான் யோசித்தேன். பிழை. காலி வீதியில் நாங்கள் முதல் கியரில் இருக்கிறோம், ஆனால் முடுக்குவதில்லை. அரைக் கிளட்சில் ஓர் ஆட்டோவின் பின்பக்கத்தைப் பார்த்தபடி ஊர்கிறோம். லாபம் கிடைக்கிற அதே கியரில்தான் நட்டமும். எங்கள் பங்குக்கு வருவது நட்டம்.

எங்கள் பிளாட்டில் கீழ்த்தளத்துக் கார் தரிப்பிடத்திலிருந்து வீதிக்கு ஏறும் சரிவு, வெள்ளவத்தைக் கட்டடங்களுக்கே உரிய செங்குத்து. ஏசி போட்டபடி, பின்னால் இன்னொருவர் நிற்க, கிளட்சை விட்டேன். கொம்பிரசர் 'டக்' என்று பிடித்த அதே கணம் ரெவ் விழுந்து கார் நின்றுவிட்டது. திரும்பவும் ஸ்டார்ட், திரும்பவும் நின்றது. காவலாளி கதிரையிலிருந்து எழுந்து வந்து, "தள்ளட்டுமா மாத்தயா?" என்று கேட்டார். அன்றிலிருந்து 2500 ரெவ் வைத்து, கிளட்சை வழுக்கவிட்டுத்தான் ஏறினேன். கிளட்ச் பிளேட் மணக்கும். நின்ற இடத்தில் கியர்பெட்டியிலிருந்து கிலுகிலுவென்று ஒரு சத்தம் வேறு. என் மனைவி அந்தக் காரை இரண்டு தடவை ஓட்டினா. மூன்றாம் தடவை திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் பஸ்ஸில் போனா.

நல்லதையும் சொல்லவேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வீதி வெறுமையாக இருக்கும்போது, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி அக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டினால் ரெவ் மீற்றர் ஊசி துள்ளி நிற்கும். அந்தச் சுகத்துக்கு நான் இன்னமும் அடிமை. நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் ஓடுகிறவன் கேட்டால் யோசிக்காமல் போடச் சொல்வேன். பெற்றோல் மிச்சமாகுமா என்று மட்டும் கேட்காதே. ரெவ் ஏற்றி விளையாடுகிற காலுக்கு எந்த மிச்சமும் காணாது.

இனிச் சொல்வது பகிடியில்லை. அவனுடைய அடுத்த மெசேஜ்: "விலை கூடவெண்டால் பழசை லேத்தில குடுத்து வெட்டலாம் தானே?" வேண்டாம். வார்ப்பிரும்பு இழுவிசை தாங்காத உலோகம். 28 சென்றிமீற்றர் விட்டமுள்ள பிளைவீல் 7000 ரெவ்வில் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 370 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. பிழையான இடத்தில் வெட்டி, அதில் ஒரு வெடிப்பும் இருந்தால், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். லேசானது வேண்டுமென்றால் அதற்கென்றே உருக்கில் கடைந்து, பலன்ஸ் பண்ணியதை வாங்கு. அலுமினியமென்றால் கிளட்ச் உரசும் முகத்தில் உருக்குத் தட்டு இருக்கிறதா என்று பார்.

இன்னொன்று: கிலோவை மட்டும் பார்க்காதே. எடை எங்கே குறைந்திருக்கிறது என்று பார். விளிம்பில் எடுத்த அரைக் கிலோ, நடுவில் எடுத்த இரண்டு கிலோவைவிடக் கூட வேலை செய்யும்.

என்னைக் கேட்டால், தினமும் வேலைக்குப் போகிற காருக்குக் கால்வாசி எடைக்கு மேல் குறைக்காதே. அதுவும் கிளட்ச் மாற்றக் கியர்பெட்டியை இறக்குகிற அன்றைக்கே செய். இதற்கென்று தனியாக இறக்கினால் கூலிக்கே அழுவாய்.

நான் கடைசியில் பழைய 8 கிலோவையே திரும்பப் போட்டுவிட்டேன். 4 கிலோ இப்போது பல்கனிக் கதவுக்கு முட்டு. யூன் மாதத்துக் கடல்காற்றுக்கு அதையும் தள்ளிக்கொண்டு கதவு அடிக்கிறது. பாரம் காணாது.