எல்லா நீர்க்கட்டியும் கத்திக்கு அல்ல

"மூளையில் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் வந்தால் உடனே எடுத்துவிட வேண்டும், விட்டால் புற்றாகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாக அடிக்கடி தென்படுவது அரக்னாய்டு நீர்க்கட்டி. மூளையைப் போர்த்திய மெல்லிய சவ்வுக்குள், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் தெளிந்த நீர் தேங்கிய பை அது. பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. புற்றாக மாறாது. பெரியவர்கள் நூறு பேரில் ஓரிருவருக்கு இருக்கும், பலர் அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

என் அக்கா மகன் வண்டியிலிருந்து விழுந்தபோது எடுத்த ஸ்கேன் அறிக்கையில் இந்த ஒரு வரி இருந்தது. வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. மருத்துவரோ படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "தலைவலியோடு வாந்தி, வலிப்பு, பார்வை மங்கல் உண்டா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் அனுப்பிவிட்டார்.

கட்டி மூளையை அழுத்தினாலோ அந்த நீரின் ஓட்டத்தை அடைத்தாலோதான் அறுவைப் பேச்சு. ஆனால் அறிக்கையில் கட்டியின் பெயரைப் பாருங்கள்: மூளையின் நடுவே வரும் கூழ் நிரம்பிய கொலாய்டு கட்டி சிறியதானாலும் நீர்ப்பாதையை அடைக்கக்கூடும், நாடாப்புழுவால் வரும் கட்டிக்குத் தனி மருத்துவம் உண்டு.