தோற்ற குதிரைகளும் அதே வொர்க்கைத்தான் ஓடின

அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களைப் பல வருடமாகக் கவனித்துவரும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பினார். ஒரே டிரெய்னரின் ஜெயித்த குதிரைகள் மட்டும் அதில் வரிசையாக இருந்தன. பெரும்பாலானவை பந்தயத்துக்கு ஐந்தாறு நாள் முன்பு காலைப் பயிற்சியில் ஐந்து ஃபர்லாங், அதாவது சுமார் ஒரு கிலோமீட்டர், ஓடியிருக்கின்றன. இப்படி நேரம் குறித்து ஓட்டும் பயிற்சிக்கு 'வொர்க்' என்று பெயர். "பேட்டர்ன் சிக்கிடுச்சு" என்று வாய்ஸ் நோட் வேறு.

சிக்கவில்லை. ஒரு டிரெய்னர் வருடத்தில் 100 முறை குதிரையை இறக்கி 20 முறை ஜெயித்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 20ல் 16 குதிரைகள் ஐந்து ஃபர்லாங் வொர்க் ஓடியவை. 80 சதவீதம்! கேட்டதும் வாய் பிளப்போம். சரி, தோற்ற 80ஐ எடுங்கள். அதில் 64 குதிரைகளும் அதையே ஓடியிருந்தால்? வொர்க் இருந்தாலும் ஐந்தில் ஒன்று ஜெயிக்கிறது, இல்லாவிட்டாலும் ஐந்தில் ஒன்றுதான். நண்பர் பிடித்தது அந்த டிரெய்னரின் டைம்டேபிளை.

அதுவும் வீண் இல்லை. வழக்கம் தெரிந்தால்தானே அது எங்கே உடைகிறது என்று தெரியும்? ஏழு நாளுக்கு ஒரு வொர்க் என்று பிசகாமல் ஓட்டுகிறவர், ஒரு குதிரைக்கு மட்டும் திடீரென்று பதினாறு நாள் இடைவெளி விட்டிருக்கிறார். மழையில் டிராக் கெட்டிருந்தால் அதே லாயத்தின் மற்ற குதிரைகளுக்கும் அந்த இடைவெளி இருக்கும். இதற்கு மட்டும் என்றால் எனக்கு உறுத்தும். காய்ச்சலோ, காலில் வலியோ, அச்சிட்ட பயிற்சிப் பட்டியலில் வராத ஏதோ ஒன்று.

செக்ரடேரியட் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பந்தயக் குதிரையையே பாருங்கள். 1973 ஏப்ரலில் வுட் மெமோரியல் பந்தயத்துக்கு முன் அது ஓடிய ஒரு மைல் வொர்க், அதன் தரத்துக்கு மந்தம். பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. வாயில் சீழ்க்கட்டி. ஜெயித்தது ஆங்கிள் லைட். அதுவும் அதே டிரெய்னர் லூசியன் லாரினின் குதிரைதான்! கட்டி சரியான பிறகு, கென்டக்கி டெர்பிக்குச் சில நாள் முன்பு ஐந்து ஃபர்லாங்கை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பறந்து முடித்தது. டெர்பியை ஜெயித்தது, ஜூனில் பெல்மான்ட் பந்தயத்தை 31 லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) வித்தியாசத்தில் ஜெயித்தது. டிரெய்னர் மாறவில்லை, குதிரை மாறவில்லை, வொர்க் மட்டும் மாறியிருந்தது. (நடந்து முடிந்த ஒரே ஒரு கதையை எடுத்துவைத்து நானும் நண்பர் செய்ததையேதான் செய்கிறேன், தெரிகிறது.)

அப்புறம் அந்த டைமிங். ஃபர்லாங் என்பது சுமார் 201 மீட்டர். அதற்கு 12 வினாடி, ஐந்துக்கு ஒரு நிமிடம் என்றால் நல்ல வொர்க் என்பது பழைய கணக்கு. அன்று அந்த டிராக்கில் அந்தத் தூரத்தை மிக வேகமாக ஓடிய குதிரைக்குப் பக்கத்தில், அந்தப் பட்டியலில், கரும்புள்ளி வைப்பார்கள், 'புல்லட்' என்று பெயர். புள்ளியைப் பார்த்ததும் பணத்தை எடுக்கிறவர்கள் உண்டு. பக்கத்திலேயே எத்தனை குதிரைகளில் முதலாவது என்றும் போட்டிருக்கும், அதை யார் பார்க்கிறார்கள்? 60 குதிரைகளில் முதலாவதும் புல்லட்தான், இரண்டில் முதலாவதும் புல்லட்தான்.

உள்வேலியை ஒட்டி ஓடாதபடி கூம்புகளை வைத்திருந்தால் குதிரை வளைவில் அதிக தூரம் ஓட வேண்டும், நேரம் கூடும். காலையில் ஏறுகிற பயிற்சி ரைடர் பெரும்பாலும் ஜாக்கியைவிடக் கனம். எனக்கு முக்கியமாகப் படுவது, வொர்க் முடிகிற கம்பத்தைத் தாண்டிய பிறகு குதிரை எப்படிப் போகிறது என்பது. ரைடர் கடிவாளத்தை இழுத்தும் அடங்காமல் அடுத்த வளைவு வரை போகிற குதிரையும், கம்பத்தைத் தொட்டதும் தொய்ந்துவிடுகிற குதிரையும் அச்சில் ஒரே நேரத்தைக் காட்டலாம். வீடியோ கிடைத்தால் நான் அந்தக் கடைசி அரை நிமிடத்தைத்தான் பார்ப்பேன்.

நண்பரிடம் தோற்ற குதிரைகளையும் ஷீட்டில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். "அது நாலு மடங்கு இருக்கே, யார் டைப் பண்றது?" என்கிறார்.